பல்லக்குக்கு அடியில் வந்த மாதவிலக்கு

என் மருமகள் ஆஜெனைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கடலோடிகளைக் காக்கும் மாட்சு அம்மனின் பல்லக்கைத் தீட்டோடு தூக்கியவள் என்கிறார் ஒருவர். அம்மனே வாய்திறந்து அனுமதி கொடுத்தாள் என்கிறார் இன்னொருவர். அம்மன் வாயெல்லாம் திறக்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். என் தப்பையும் சேர்த்துத்தான் சொல்வேன். ஆனால் தப்பு எவ்வளவோ அவ்வளவுதான் ஒப்புக்கொள்வேன், அதற்கு மேல் ஒரு பிடி கூடக் கிடையாது.

சாய் வெய்ஜென் என்பது அவள் முழுப்பெயர். இருபத்தெட்டு வயதில் என் இரண்டாவது மகன் போஷெங்கைக் கட்டிக்கொண்டு தைவானில் எங்கள் யுன்லின் கரைக்கு வந்தாள். அவன் கடலில் சிப்பி வளர்க்கிறான், நான் கரையில் உட்கார்ந்து சிப்பி உடைக்கிறேன், அவள் பெரிய தெருவில் குலுக்கு தேநீர்க் கடை வைத்தாள். காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை பனிக்கட்டி போட்டுக் குலுக்குவாள். வருகிறவர்கள் முழுச் சர்க்கரை, பாதிச் சர்க்கரை, கால் சர்க்கரை என்று வாயாலேயே அளந்து கேட்பார்கள். இவளும் கண்ணை மூடிக்கொண்டு அளந்து ஊற்றுவாள். ஜவ்வரிசி உருண்டைகளைப் பாகில் வேகவைக்கும்போது பதம் பார்க்க வாயில் போட்டுக்கொள்வாள், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை.

ஆள் மூங்கில் கழி மாதிரி. கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் நிற்கும். ஒல்லியாக இருப்பவளுக்குச் சர்க்கரையில் கோளாறு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றவில்லை. தாடையில் பரு வரும், சின்ன வயசு என்று விட்டேன். போஷெங்கின் சவரக்கத்தியில் அடிக்கடி குட்டை முடி கிடக்கும். அவன் கழுவாமல் வைக்கிறான் என்று அவனைத் திட்டினேன். அவள் தாடை முடியை அவள் மழித்துக்கொண்டிருந்தாள், பாவம், வாயைத் திறக்காமல்.

கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை இருந்தது. புதுவருஷத்துக்கு வீடு துடைக்கிற வாரத்தில் அவள் கையில் பீர்க்கங்கூட்டைக் கொடுத்தேன்.

“கழுத்தை நல்லா தேய்ச்சுக் குளி, ஆஜென். புதுவருஷத்துக்கு அழுக்கோட உக்காராதே.”

“தேய்ச்சுட்டேன்மா. போக மாட்டேங்குது.”

“போகாத அழுக்கு எங்கயாவது உண்டா? அழுத்தித் தேய்.”

அழுத்தித் தேய்த்தாள். தோல் சிவந்து நீர் கோத்ததுதான் மிச்சம். அது அழுக்கில்லை என்று எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. இந்தத் தப்பை முழுசாக ஒப்புக்கொள்கிறேன்.

மாதவிலக்குதான் பெரிய கவலை. கல்யாணமான முதல் வருஷம் நாலு தடவை வந்தது. அடுத்த வருஷம் இரண்டு. அப்புறம் வரவேயில்லை. துணி உலர்த்துகிற கம்பியைப் பார்த்தே ஒரு மாமியார் கண்டுபிடித்துவிடுவாள், கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் நான் கேட்டேன், வாரத்துக்கு ஒரு தடவை. அவளும் வாரத்துக்கு ஒரு தடவை தலையை ஆட்டினாள்.

என் கணக்கு சுலபமாக இருந்தது. நாளெல்லாம் பனிக்கட்டி குலுக்குகிறாள். குளிர் கை வழியாக ஏறிக் கர்ப்பப்பையில் போய் உட்கார்ந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதற்கு மருந்து சொல்லுவாள்: இஞ்சியும் கறுப்புச் சர்க்கரையும். இஞ்சியை நசுக்கி, ஒரு கைப்பிடி கறுப்புச் சர்க்கரை, சிவப்புப் பேரீச்சை, காய்ந்த லோங்கன் பழம் எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்து, விடிந்ததும் ஒரு கிண்ணம் நீட்டினேன். மாதம் வரவில்லை என்றதும் இரண்டு கிண்ணமாக்கினேன். அதற்கும் வரவில்லை என்றதும் சர்க்கரையைக் கூட்டினேன். அவள் ஒரு நாள் கூட மறுக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக் குடித்துவிட்டுக் கடைக்குப் போவாள். மத்தியானம் மூன்று மணிக்கு மேசையில் தலை வைத்துத் தூங்கிவிடுவாள். குளிர் இன்னும் இறங்கவில்லை என்று நான் நினைத்தேன்.

ஒரு நாள் தூக்கத்திலேயே பாகுச் சட்டி தீய்ந்து கடை முழுக்கப் புகை. போஷெங் பயந்துபோய் அவளை நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். நானும் வண்டியில் ஏறினேன். பனிக்கட்டி விஷயத்தை டாக்டருக்கு யார் சொல்வது?

டாக்டர் சுங் ஒரு பெண், நாற்பது வயசு இருக்கும், குட்டை முடி. இரத்தம் எடுத்தார்கள். இனிப்புத் தண்ணீர் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். வயிற்றில் கருவி வைத்துப் பார்த்தார்கள். திரையில் கறுப்புக் கறுப்பாகச் சின்ன முத்துகள், எங்கள் கயிற்றில் தொங்கும் சிப்பிக் குஞ்சுகள் போல வரிசையாக.

“இது கட்டி இல்ல, பயப்படாதீங்க,” என்றார் டாக்டர். “முட்டைங்க. மாசா மாசம் ஒண்ணு பெருசாகி வெளிய வரணும். உங்களுக்கு எல்லாம் பாதியிலயே நின்னுபோச்சு. முட்டை வெளிய வராததால மாதமும் வரல. இதுக்கு பிசிஓஎஸ்னு பேரு.”

“டாக்டரம்மா, இவ நாள் பூரா பனிக்கட்டி குலுக்கறா,” என்றேன்.

“குலுக்கட்டும் பாட்டி. கைக்கு நல்லது.”

“குளிர் உள்ள போயிருக்குமே?”

“குளிர் போகல. சர்க்கரைதான் போயிருக்கு. காலையில என்ன குடிக்கிறீங்க, ஆஜென்?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். “அம்மா இஞ்சித் தண்ணி குடுப்பாங்க,” என்றாள், சர்க்கரையைச் சொல்லாமல். அந்த நேரத்திலும் என் மானத்தைக் காப்பாற்றினாள். டாக்டர் விடவில்லை, எத்தனை கரண்டி என்று என்னிடமே கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் படம் வரைந்து விளக்கினார். எனக்குப் படம் புரியவில்லை, பட்டாசு புரிந்தது. கோயில் திருவிழாவில் பட்டாசு வெடித்து வெடித்து ஊருக்கே காது மந்தமாகிவிடும் இல்லையா? அப்புறம் சாதாரண வெடி யாருக்கும் கேட்பதில்லை, அதனால் இன்னும் பெரிசாக வெடிப்பார்கள். இவள் உடம்பும் அப்படித்தான். சாப்பிட்ட சர்க்கரையை உள்ளே வாங்கிக்கொள்ளச் சொல்லி இன்சுலின் கூப்பிடுகிறது. உடம்புக்குக் காது மந்தம். அதனால் இன்சுலின் மூன்று மடங்கு கத்துகிறது. ஆனால் சூலகத்துக்கு மட்டும் காது மந்தமில்லை. அந்தச் சத்தம் முழுக்க அதன் மேல் விழுகிறது. மிரண்டுபோய், ஆணுக்கு வேண்டிய ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்துவிடுகிறது. தாடையில் முடி, பரு, பாதியில் நிற்கும் முட்டை எல்லாம் அங்கிருந்து வந்தவை. கழுத்துக் கறுப்பும் இன்சுலின் செய்த வேலைதான்.

“நான் ஒல்லியாத்தானே இருக்கேன் டாக்டர்?” என்று ஆஜென் கேட்டாள்.

“நம்ம பக்கத்துப் பொண்ணுங்கள்ல நிறையப் பேர் ஒல்லியாத்தான் வர்றாங்க. தராசு எல்லாத்தையும் சொல்லாது. உங்களுக்குக் கொழுப்பு கூடுதல்ங்கறதைவிட, தசை குறைவுங்கறதுதான் பிரச்சினை. இப்படியே விட்டா இன்னும் சில வருஷத்துல சர்க்கரை நோய்ல போய் நிக்கும்.”

அதைக் கேட்டதும் ஆஜெனின் முகம் வெளுத்தது. அவள் அம்மா சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்தவள். மூன்று மாதத்துக்கு மேல் இரத்தம் போகாமலிருந்தால் கர்ப்பப்பைச் சவ்வு தடித்துக்கொண்டே போகும், அது ஆபத்து என்று சொல்லி, வரவழைக்கிற மாத்திரை பத்து நாளைக்குக் கொடுத்தார் டாக்டர். சர்க்கரைக்கும் ஒரு மாத்திரை.

“மாத்திரை போட்டு வர்றது வேற, தானா வர்றது வேற, இல்லையா டாக்டர்?” என்றாள் அவள்.

“ஆமா. தானா வந்தா, உள்ள எல்லாம் சரியாக ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம்.”

“அப்ப எனக்கு அதுதான் வேணும்.”

குழந்தை வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. நான் கேட்டிருப்பேன், என் வாயைப் போஷெங் அடைத்துவிட்டான்.

கறுப்புச் சர்க்கரையை நிறுத்தினேன். சத்தியமாக நிறுத்தினேன். ஆனால் பேரீச்சையும் லோங்கனும் பழம்தானே? மரத்தில் காய்த்தது எப்படிக் கெடுதல் செய்யும்? அவற்றை மட்டும் இஞ்சியோடு போட்டுக் காய்ச்சி, வடிகட்டி, சக்கை தெரியாமல் கொடுத்தேன். இரண்டு வாரம் போனது. விரலில் குத்திப் பார்க்கும் கருவியில் காலைச் சாப்பாட்டுக்குப் பின் எண் எகிறிக்கொண்டே இருந்தது. கடையில் பதம் பார்க்கிற உருண்டைதான் காரணம் என்று ஆஜென் அதையும் விட்டாள். எண் இறங்கவில்லை. ஒரு நாள் குப்பைக் கூடையில் லோங்கன் கொட்டைகளைப் பார்த்துவிட்டாள்.

என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கோபத்தில் அவள் கத்த மாட்டாள், குரல் இன்னும் இறங்கிவிடும்.

“அம்மா, இன்னிக்கு நாம ரெண்டு பேரும் சேர்ந்து குடிப்போம்.”

“நான் எதுக்கு?”

“எனக்கு நல்லதுன்னா உங்களுக்கும் நல்லதுதானே. ஆளுக்கொரு கிண்ணம், ஒரே அளவு.”

குடித்தோம். ஒரு மணி நேரம் கழித்து என் விரலில் குத்தினாள், அவள் விரலிலும் குத்திக்கொண்டாள். எனக்கு எழுத்துதான் தெரியாது. சிப்பி எடை போட்டவளுக்கு எண் தெரியாமல் போகுமா? என் எண் நூற்று முப்பத்தெட்டு. அவள் எண் இருநூற்றுப் பதினொன்று. எனக்கு அறுபத்தெட்டு வயசு, அவளுக்கு முப்பது.

“ஒரே கிண்ணம்மா,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்தப் பாத்திரத்தை அவள் கண்முன்னாலேயே வாய்க்காலில் கொட்டினேன். இஞ்சியில் தப்பில்லை என்பதை மட்டும் இன்றைக்கும் சொல்வேன். இனிப்பில்தான் தப்பு, என் பிடிவாதத்தில் கொஞ்சம். அன்றிலிருந்து காலையில் முட்டையும் சோயாப் பாலும், சர்க்கரை இல்லாமல்.

தசைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் லியென் வந்தாள். சிப்பிக் கொட்டகைக்குப் பனிக்கட்டி லாரி ஓட்டுகிறவள், தோள் இரண்டும் கதவு மாதிரி. எங்கள் ஊர் மாட்சு அம்மன் வருஷத்துக்கு ஒரு தடவை தன் தாய்க்கோயிலுக்கு நாலு நாள் நடந்து போய் வருவாள். இளவட்டங்கள் எல்லாம் தைபே, தைச்சுங் என்று வேலைக்குப் போய்விட்டதால் பல்லக்குக்குத் தோள் கிடைக்கவில்லை. கோயில் தலைவர் கோங் மூன்று வருஷம் முணுமுணுத்துவிட்டுப் பெண்கள் அணிக்குச் சம்மதித்தார். லியென்தான் அணித்தலைவி, ஆஜெனையும் சேர்த்துக்கொண்டாள்.

பல்லக்கு நூற்றெண்பது கிலோ, எட்டுத் தோள் வேண்டும். வாரத்துக்கு நாலு சாயங்காலம் மூங்கில் கம்பில் சிப்பி ஓட்டு மூட்டைகளைத் தொங்கவிட்டு, கரைச்சாலையில் நடை. முதல் நாள் ஆஜென் இருபது எட்டு வைத்துவிட்டு மூட்டையோடு உட்கார்ந்துவிட்டாள்.

“என்னடி, தேநீர்க்காரி, ஜவ்வரிசி கொதிச்சுருச்சா?” என்று லியென் கத்தினாள்.

“இன்னும் பாகுல ஊறுதுக்கா,” என்று மூச்சுவாங்கிக்கொண்டே எழுந்தாள் இவள்.

மறுநாள் நாற்பது எட்டு. பனிக்காலம் முடிவதற்குள் சாலைமுனைக் கலங்கரைவிளக்கு வரை போய்த் திரும்பினாள். வேலை செய்கிற தசை, இன்சுலின் கூப்பிடுவதற்குக் காத்திராமல் தானே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது கண்ணுக்குத் தெரிந்தது. மத்தியானத் தூக்கம் போனது. விரல்குத்து எண் இறங்கியது. கழுத்துப் பட்டை மங்கியது. அரிசி மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கி வைத்தபோது போஷெங் கொஞ்சம் பயந்துவிட்டான் என்று நினைக்கிறேன். ஆனால் மாதவிலக்கு மட்டும் வரவில்லை. டிசம்பரில் மறுபடி மாத்திரை போட்டுத்தான் வந்தது. மார்ச்சிலும் போட வேண்டும். டாக்டர் ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்து, “நடை முடியற வரைக்கும் பாருங்க. தானா வரலைன்னா வீட்டுக்கு வந்ததும் இதைப் போடுங்க,” என்றார்.

பல்லக்குக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சாவு வீட்டுக்காரர்கள் தொடக்கூடாது, மாதவிலக்கில் இருப்பவள் தொடக்கூடாது. கம்பில் கைவைக்கும் முன் ஒவ்வொருத்தியும் தலைவியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். நாள் இடிக்கிறவர்கள் தள்ளிப்போடுகிற மாத்திரை போட்டுக்கொண்டார்கள், இல்லாவிட்டால் கொடி பிடித்துப் பின்னால் நடந்தார்கள். முன்கம்பின் இடது தோளுக்கு நாலு நாளும் மாறாத ஆள் தேவைப்பட்டது.

“ஆஜென்தான்,” என்றாள் லியென் எல்லார் முன்னாலும். “அவளுக்குத்தான் அந்தத் தொந்தரவே கிடையாதே. அதிர்ஷ்டக்காரி!”

எல்லாரும் சிரித்தார்கள். ஆஜெனும் சிரித்தாள். எனக்கு மட்டும் அவள் கை மூங்கில் கம்பை இறுக்கியது தெரிந்தது.

“வந்துச்சுன்னா முதல்ல உங்ககிட்டதான்கா சொல்வேன்,” என்றாள்.

சந்திரக் கணக்கில் மூன்றாம் மாதப் பிறை வளர்கிற நாட்களில் கிளம்பினோம். நான் பின்னால் தண்ணீர் வண்டியில். வெங்காய வயல், வாத்துப் பண்ணை, வெயிலில் காயும் கடுகுக்கீரை எல்லாவற்றையும் கடந்து போனோம். வழிநெடுக வீட்டுவாசலில் ஊதுபத்தி ஏந்தி நிற்பார்கள், கஞ்சியும் வெட்டிய கொய்யாவும் கையில் திணிப்பார்கள், இனிப்புப் பானங்களையும்தான். ஆஜென் கொய்யாவை மட்டும் வாங்கினாள். இரண்டாம் நாள் காலையில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது, இன்னொருத்திக்குப் பாதம் முழுக்கக் கொப்புளம். மாற்றுத் தோள் எல்லாம் தீர்ந்து, சரியாக எட்டுத் தோள்தான் மிஞ்சியது.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஒரு பெட்ரோல் நிலையத்தில் பல்லக்கை இறக்கினோம். அங்கிருந்து தாய்க்கோயில் இரண்டு மணி நேர நடை. அந்தி மணி அடிப்பதற்குள் அம்மன் உள்ளே நுழைந்தாக வேண்டும், அப்படித்தான் நேரம் குறித்திருந்தார்கள். ஆஜென் கழிப்பறைக்குப் போனாள். போனவள் வெகுநேரம் வரவில்லை. அப்புறம் ஓடிவந்தாள். வந்த வேகத்தில் என்னைத் தூக்கிவிட்டாள், நான் அறுபத்தைந்து கிலோ.

“வந்துடுச்சும்மா! தானா வந்துடுச்சு!”

“என்னது?”

“பதினாலு மாசமா தானா வராதது!”

ஒரு விநாடி நானும் அவளைக் கட்டிக்கொண்டேன். அடுத்த விநாடி பல்லக்கு கண்ணில் பட்டது. மிஞ்சியிருந்த எட்டுத் தோள் நினைவுக்கு வந்தது. அவள் வாயைப் பொத்தினேன்.

“சத்தம் போடாதே. ரெண்டு மணி நேரம்தானே? யாருக்குத் தெரியப்போகுது? உள்ள போய்ச் சேர்ந்துட்டு அப்புறம் சொல்லு.”

என் கையை மெல்ல எடுத்துவிட்டாள். “இது வரணும்னு பதினாலு மாசம் காத்துக்கிட்டிருந்தேன். வந்த அன்னிக்கே ஒளிச்சு வைக்கச் சொல்றீங்களா?”

நேராக லியெனிடம் போனாள். பக்கத்தில் மற்ற ஆறு பெண்கள், கொடிக்காரர்கள், மேளக்காரர்கள், பெட்ரோல் போட வந்த இரண்டு லாரிக்காரர்கள்.

“அக்கா, சொல்றேன்னு சொன்னேனே. எனக்கு வந்துடுச்சு. நான் இறங்கிக்கறேன்.” வாயெல்லாம் பல். இறங்கச் சொன்னால் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கோயில் தேரையே பரிசாக வாங்கியவள் போல நின்றாள். ஒரு மேளக்காரன் என்னவென்று தெரியாமலே கைதட்டினான்.

லியென் அவளைக் கட்டிக்கொண்டாள். “சனியனே, இன்னும் ரெண்டு மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா?” என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

கோங் வந்தார். என் வீட்டுக்காரரின் பழைய சிநேகிதர், சட்டம் பேசுவதில் ஊருக்கே பெரியவர். “கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். ஆண்கள் யாராவது கை குடுங்க,” என்றார். வந்திருந்த ஆண்கள் எல்லாம் மேளக்காரர்களும் எழுபது வயதுக்காரர்களும்தான். லாரிக்காரர்கள் வேறு ஊர், வேறு கோயில்.

ஒளித்துவைக்கச் சொன்னவள் நான்தான், ஆனால் அவள் உண்மை சொன்ன பிறகு விடக்கூடாது என்று தோன்றிவிட்டது.

“கோங், யாரைக் கேட்டு அவளை இறக்கறீங்க?”

“வழக்கம் அண்ணி.”

“வழக்கத்தோட சொந்தக்காரி பல்லக்குக்குள்ள உக்காந்திருக்கா. அவளைக் கேளுங்க. கட்டை இருக்குதானே?”

பிறைக்கட்டைகள் கோங்கின் இடுப்புப் பையில்தான் இருந்தன. பிறை வடிவில் இரண்டு மரத்துண்டுகள், ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு. தட்டை மேலே தெரிந்தால் மல்லாந்தது, வளைவு மேலே தெரிந்தால் கவிழ்ந்தது. கேள்வியைச் சொல்லித் தரையில் போட வேண்டும். ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் அம்மன் ஆம் என்கிறாள். இரண்டும் கவிழ்ந்தால் இல்லை. இரண்டும் மல்லாந்தால் சிரிக்கிறாள்.

கோங் பெட்ரோல் நிலையத்துத் தரையில் மண்டியிட்டார். “அம்மா, இந்தப் பொண்ணு இறங்கணுமா?” என்று கேட்டுப் போட்டார். இரண்டும் கவிழ்ந்தன.

“முகவரி சொல்லல, அதான்,” என்றார். ஆஜெனின் பெயர், பிறந்த நாள், நேரம், எங்கள் தெரு, வீட்டு எண் எல்லாம் ஒப்பித்துவிட்டு மறுபடி போட்டார். இரண்டும் மல்லாந்தன. பெண்கள் ஹோவென்று சிரித்தார்கள். அம்மனே சிரிக்கும்போது நாம் சிரித்தால் என்ன? மூன்றாம் தடவை மறுபடி கவிழ்ந்தன.

“போதும்,” என்று நான் கட்டைகளைப் பிடுங்கினேன். மண்டியிட்டேன், முட்டி கடகடத்தது. “அம்மா, நானும் பொம்பள, நீயும் சாமியாகறதுக்கு முன்னால மீனவர் வீட்டுப் பொம்பளையா இருந்தவ. என் மருமக உடம்பு பதினாலு மாசமா ஊமையா இருந்துச்சு. இன்னிக்கு உன்னைத் தூக்கினப்ப வாய் திறந்திருக்கு. அவ தூக்கலாமா?”

முதல் தடவை ஒன்று மல்லாந்தது, ஒன்று கவிழ்ந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. பெரிய விஷயத்துக்கு மூன்று தடவை வரிசையாக வர வேண்டும் என்று கோங் நினைவுபடுத்தினார். மூன்றாவதைப் போட்டேன். ஒன்று மல்லாந்தது. இன்னொன்று உருண்டு போய், பெட்ரோல் குழாய்த் திட்டின் விளிம்பில் சாய்ந்து நின்றுவிட்டது. மல்லாந்ததா கவிழ்ந்ததா என்று முப்பது பேர் குனிந்து பார்த்தோம். மேளம் நின்றுபோனது.

கோங் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தரையோடு தலை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எழுந்தார்.

“வளைவு மேல,” என்றார். “ஆம்தான்.” அப்புறம் ஆஜெனைப் பார்த்து, “ரெண்டு மணி நேரம் முடியுமா? வயிறு வலிக்கலையா?”

“வலிக்குது பெரியவரே,” என்றாள் அவள். “நல்லா வலிக்குது!” அப்படி ஒரு சந்தோஷத்தோடு வலியைச் சொன்னவளை நான் பார்த்ததில்லை.

முன்கம்பின் இடது தோளில் நின்றாள். தாய்க்கோயில் வாசலில் எங்கள் ஊர் வருகிறது என்று தெரிந்ததும் பட்டாசுச் சரங்களைக் கொளுத்திவிட்டார்கள். புகையில் முன்னால் இருப்பவர் முதுகு தெரியவில்லை. அந்தப் புகைக்குள்ளிருந்து லியெனின் குரல் கேட்டது, “மூணு அடி பின்னால, மூணு அடி முன்னால!” எட்டுப் பெண்கள் பல்லக்கை மூன்று தடவை ஆட்டி வணங்கவைத்து, நாலாவது தடவை ஒரே ஓட்டமாக வாசற்படியைத் தாண்டினார்கள். அந்தி மணி அதற்குப் பிறகுதான் அடித்தது. காகிதச் சிதறல் தலை முழுக்க, மூக்கெல்லாம் கரி, ஆஜென் கத்திக்கொண்டே வந்தாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கும் தெரியாது.

ஒரு தடவை வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடாது என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். அதனால் அடுத்த மாதம் வீட்டில் யாரும் மூச்சு விடவில்லை. முப்பத்தாறாம் நாள் வந்தது. அதற்கடுத்தது முப்பத்து மூன்றாம் நாள். இடையில் இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் சுங், முட்டை வெளியே வந்ததற்கான ஹார்மோன் தெளிவாக ஏறியிருக்கிறது என்று சொல்லி, எழுந்து வந்து அவள் கையைக் குலுக்கினார். இனிப்புத் தண்ணீர்ச் சோதனையிலும் எண் எல்லைக்குள் வந்துவிட்டது. இந்தக் குறை முழுசாகப் போய்விடாது, கவனத்தை விட்டால் திரும்பி வரும் என்றும் சொன்னார். அந்த வருஷம் மீதியிருந்த மாதங்களில் ஏழு தடவை வந்தது, ஏழும் தானாக. ஒவ்வொரு தடவையும் கடையிலிருந்து எனக்கு ஃபோன் செய்வாள். சிப்பி உடைக்கிற பெண்கள் எல்லாருக்கும் அப்போதே தெரிந்துவிடும், ஏனென்றால் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன்.

குழந்தை எப்போது என்று என்னைக் கேட்காதீர்கள். அதை அவளிடம் கேட்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை. அந்தக் கட்டளையை நான் மீறியது இரண்டே தடவை.

இப்போது லியென் பின்கம்புக்குப் போய்விட்டாள், முன்கம்பில் ஆட்களைப் பழக்குவது ஆஜென். இந்த வருஷம் புதிதாக ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேருக்கு ஆஜெனுக்கு இருந்த அதே குறை. ஒருத்தி நல்ல பருமன், ஒருத்தி இவளைவிட ஒல்லி. நேற்று அந்த ஒல்லிப்பெண் பதினைந்தாவது எட்டில் மூட்டையோடு உட்கார்ந்துவிட்டாள். ஆஜென் போய் எதிரில் குந்தினாள்.

“எழுந்திரு. நான் இருபதுல உக்காந்தேன். நீ இன்னும் ஆறு நடந்தாத்தான் என்னை ஜெயிக்க முடியும்.”

அந்தப் பெண் முறைத்துப் பார்த்தாள். எழுந்தாள். இருபத்து மூன்று வரை நடந்தாள்.